கார் கேள்வி - பதில்: குனிஞ்சு பாத்து வாங்குங்க

இந்த மாசம் வந்த கேள்வியில பாதி ஒரே விஷயத்த சுத்தித்தான் இருக்கு, பழைய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். செட்டிநாட்டு பிள்ளைங்க உலகம் பூரா இருக்குறதால லெட்டரும் பல ஊர்லேர்ந்து வருது. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

தேவகோட்டை சொந்த ஊர், இப்ப இங்கிலாந்துல பர்மிங்காம்ல வேலை பாக்குற வாசகர்: அண்ணே வணக்கம். ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்2 கடைசி மாடல், லோட்டஸ் எலீஸ் மொத மாடல், இந்த மூணுல நிக்கிறேன். எலீஸ் விலை ரொம்ப அதிகம், ஆனா லோன் போட்டா வாங்கிடலாம். பவர், வேகம் எல்லாத்தையும் எழுதி அனுப்பியிருக்கேன், எது பெஸ்ட்? முன்னோருக்கு படைக்கிற படைப்புக்கு ஊருக்கு வந்தப்ப அப்பச்சிகிட்ட சொன்னேன், புது காரா வாங்குப்பான்னு ஒரே வரியில முடிச்சிட்டாக.

தம்பி, மூணும் நல்ல கார். சிங்கப்பூர்ல பதினோரு வருஷம் ஒர்க்‌ஷாப்ல இருந்தப்ப மூணையும் கழட்டி மாட்டியிருக்கேன், ஓட்டியும் இருக்கேன், அதனால இதுல எதுவும் மட்டம்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அனுப்பின ரெண்டு பக்கத்துல குதிரை சக்தி இருக்கு, நூறு கிலோமீட்டர எத்தனை செகண்டுல தொடும்னு இருக்கு, துருங்கிற வார்த்தை ஒரு எடத்துல கூட இல்ல. படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு.

சரி, மொதல்ல நீங்க கேட்ட பவர் கணக்கையே பேசிடுவோம். எம்எக்ஸ்-5 வந்தது 1989ல, மொத மாடல் 1.6 லிட்டர் இன்ஜின், 115 குதிரை சக்தி, எடை 950 கிலோ பக்கம். எம்ஆர்2 கடைசி மாடல் 1999லேர்ந்து 2007 வரைக்கும் வந்தது, 1.8 லிட்டர், 138 குதிரை சக்தி, எடை ஒரு டன்னுக்கு கொஞ்சம் கம்மி. எலீஸ் 1996ல வந்தது, 118 குதிரை சக்திதான், ஆனா எடை சுமார் 725 கிலோ. ஆக ஆயிரம் கிலோவுக்கு கணக்கு போட்டா எம்எக்ஸ்-5க்கு 120 பக்கம், எம்ஆர்2க்கு 140 பக்கம், எலீஸுக்கு 160 பக்கம் வரும். இன்ஜின் சக்தியில எம்எக்ஸ்-5க்கு பக்கத்துல இருக்குற எலீஸ் ஓட்டத்துல எங்கயோ முன்னாடி போறது அந்த எடையாலதான்.

எடை குறைஞ்சா வேகம் மட்டும் இல்ல, எல்லாமே மாறும். டிவிஎஸ் 50ல வெறும் வண்டிய ஓட்டி பாருங்க, அப்புறம் பின்னாடி ரெண்டு அரிசி மூட்டைய கட்டிட்டு அதே வளைவுல திருப்பி பாருங்க, பிரேக் புடிக்கிற தூரம் ஹேண்டில் கனம் எல்லாம் வேற வண்டி மாதிரி ஆயிடும். காரும் அப்படித்தான். லேசான கார்ல பிரேக் சீக்கிரம் சூடாகாது, டயர் ரொம்ப நாள் உழைக்கும், ஸ்டியரிங்ல ரோடு என்ன சொல்லுதுன்னு கைக்கு தெரியும்.

உடனே நீங்க கேப்பீங்க, நம்ம காரைக்குடியில தெருவுக்கு பத்து நிக்கிற ஸ்விஃப்ட்டும்தான் 900 கிலோ பக்கம் இருக்கு, அப்ப அதுவும் ஸ்போர்ட்ஸ் காரான்னு. நல்ல கேள்விதான் அது. ஸ்விஃப்ட்ல இன்ஜின் முன்னாடி மூக்குல உக்காந்திருக்கு, திருப்புறதும் முன் சக்கரம் இழுக்குறதும் முன் சக்கரம், ஆளும் உசரத்துல உக்கார்றோம். எம்எக்ஸ்-5ல இன்ஜின முன் சக்கர அச்சுக்கு பின்னாடி தள்ளி வச்சு, பின் சக்கரத்துக்கு சக்திய கொடுத்து, முன்னுக்கு பாதி பின்னுக்கு பாதின்னு எடைய பிரிச்சிருக்காங்க, நீங்க கிட்டத்தட்ட தரையில உக்காந்திருப்பீங்க. மஸ்டாக்காரங்க இத ஜின்பா இட்டாய்னு ஜப்பான் மொழியில சொல்லுவாங்க, குதிரையும் மேல இருக்குற ஆளும் ஒண்ணுங்கிற அர்த்தம். எலீஸ்லயும் எம்ஆர்2லயும் இன்ஜின் சீட்டுக்கு பின்னாடி நடுவுல இருக்கும், அதனால மூக்கு லேசு, வளைவுல சட்டுனு திரும்பும், ஆனா வளைவுக்கு நடுவுல பயந்து ஆக்சிலேட்டர விட்டீங்கன்னா பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வர பாக்கும். மொத ஸ்போர்ட்ஸ் காரா வாங்குறவங்களுக்கு எம்எக்ஸ்-5 மன்னிக்கிற அளவுக்கு அது ரெண்டும் மன்னிக்காது.

இனி உடம்புக்கு வருவோம், எனக்கு சொல்ல வேண்டியது எல்லாம் இங்கதான் இருக்கு. இன்ஜின் போனா வேற இன்ஜின் போடலாம், கியர்பாக்ஸும் அப்படித்தான். கூடு போச்சுன்னா காரே போச்சு.

நம்ம ஊர்ல பழைய வீடு வாங்க வர்றவங்கள பாத்திருப்பீங்க, பர்மா தேக்கு தூண தடவி பாப்பாங்க, ஆத்தங்குடி கல்ல பாப்பாங்க, சுவர் கண்ணாடி மாதிரி மின்னுறத பாப்பாங்க. வெவரம் தெரிஞ்ச கொத்தனார் வந்தா நேரா முற்றத்துக்கு போய் மழைத்தண்ணி வெளிய போற வழி அடைச்சிருக்கான்னு பாப்பாரு, ஏன்னா அது அடைச்சு நாலு மழைக்காலம் போனா தண்ணி அடியில எறங்கி தூண் அடியிலேர்ந்து வீடு கெட ஆரம்பிக்கும். எம்எக்ஸ்-5லயும் அச்சு அசலா இதேதான் நடக்கும். துணிக்கூரை மேல விழுற தண்ணி சீட்டுக்கு பின்னாடி ரெண்டு மூலையில இருக்குற ஓட்டை வழியா எறங்கி பின் சக்கரத்துக்கு முன்னாடி கீழ விழணும். அந்த ஓட்டையில எல சருகு அடைச்சா தண்ணி கதவுக்கு கீழ இருக்குற பொட்டி மாதிரி பகுதிக்குள்ள, சில்லுன்னு சொல்லுவாங்க, அதுக்குள்ள தேங்கும். உள்ளேர்ந்து அரிக்கும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும்.

இத நான் அனுபவிச்சே கத்துக்கிட்டேன். சிங்கப்பூர்ல கூட வேலை பாத்த பையன் ஒருத்தன், பட்டுக்கோட்டை பக்கம், சீட்டு கட்டி சேத்த காசுல ஒரு செவப்பு எம்எக்ஸ்-5 பாத்து வச்சிட்டு என்னைய கூட்டிட்டு போனான். இன்ஜின் சத்தம் அவ்வளவு சுத்தம், நானும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு எடுத்துக்கடான்னு சொல்லிட்டேன். கார்பெட்ட தூக்கி பாக்கல. அந்த கார் நாலஞ்சு வருஷமா மரத்தடியிலயே நின்ன கார்னு வாங்குனப்புறம்தான் தெரிஞ்சுது, அடுத்த இன்ஸ்பெக்‌ஷன்ல ஜாக்கி வச்சு தூக்கினப்ப சில் பிஸ்கட் மாதிரி நொறுங்கி உள்ள போயிடுச்சு. வெட்டி வெல்டிங் பண்ண ஆன செலவுல அவன் ஊருக்கு வர்றது அந்த வருஷம் நின்னுச்சு. அவன் என்னைய ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது. அன்னையிலேர்ந்து கீழ படுத்து பாக்காம எந்த காருக்கும் நான் சரின்னு சொல்றதில்ல.

சிங்கப்பூர்ல ரோட்டுல உப்பு கிடையாது, அதுக்கே இந்த கதி. இங்கிலாந்துல பனிக்காலத்துல ஐஸ் கரைய ரோட்டுல உப்பு தூவுவாங்க. உப்பும் ஈரமும் சேந்தா இரும்புக்கு என்ன ஆகும்னு காரைக்குடிக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம், நம்ம ஊர் சிக்ரியில, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, துரு ஆராய்ச்சி ஒரு பெரிய பிரிவு, ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துல கடல் காத்துல உலோகத் தகட்ட வச்சு எப்படி அரிக்குதுன்னு பாக்குற எடமே அவங்களுக்கு இருக்கு. பர்மிங்காம்ல ஒவ்வொரு பனிக்காலமும் ஓடின கார மண்டபம் கடற்கரையில நிறுத்தி வச்ச கார்னு நெனச்சுக்கிட்டு பாருங்க. எம்எக்ஸ்-5ல சில், பின் சக்கர வளைவு, 1998லேர்ந்து 2005 வரைக்கும் வந்த ரெண்டாவது மாடல்ல முன்னாடி இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் போற சேஸிஸ் கால், இது மூணும் சுத்தமா இருந்தா மத்தது எல்லாம் சின்ன விஷயம். கிளட்ச் சிலிண்டர் ஒழுகும், அது மலிவு. இன்ஜின் மேல்பக்கம் டிக் டிக்னு சத்தம் வரும், பெரும்பாலும் ஆயில் மாத்தினா அடங்கிடும்.

எலீஸ்ல இந்த துரு கதை வேற மாதிரி. அது அலுமினியத்த பசை போட்டு ஒட்டி செஞ்ச சேஸிஸ், வெறும் 68 கிலோ, ரெண்டு பேர் சேந்து தூக்கிடலாம், மேல ஃபைபர் பாடி. அதனால துருப்பிடிக்காதுன்னு விக்கிறவங்க சொல்லுவாங்க, ஆனா சஸ்பென்ஷன் கை எல்லாம் இரும்புதான், அது பிடிக்கும். பெரிய பயம் ஆக்சிடென்ட். சேஸிஸ் வளைஞ்சா தட்டி நிமித்துற வேலை அங்க கிடையாது, மாத்தணும். முன் பாடி முழுசும் ஒரே துண்டு, பின் பாடி முழுசும் ஒரே துண்டு, அதனால ஒரு மூலையில இடிச்சாலும் செலவு முழுத் துண்டுக்கும் போகும். ஃபைபர்ல நட்சத்திரம் மாதிரி மெல்லிசா வெடிப்பு இருக்கான்னு சாய்ச்சு வெளிச்சம் அடிச்சு பாருங்க. மொத மாடல்ல இருக்குறது ரோவர் கே சீரிஸ் இன்ஜின், அதுக்கு ஹெட் கேஸ்கட், அதான் இன்ஜின் தலைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்குற அடைப்புத் தகடு, போறது பேர்போன வியாதி. ரேடியேட்டர் முன்னாடி, இன்ஜின் பின்னாடி, நீளமா பைப் ஓடுது, உள்ள காத்து அடைச்சு நின்னாலோ கூலன்ட் கொஞ்சம் கொறஞ்சாலோ தாங்காது. 2004லேர்ந்து டொயோட்டா இன்ஜின் போட்டு வந்த எலீஸ் அந்த விஷயத்துல நிம்மதி, ஆனா விலை இன்னும் மேல.

எம்ஆர்2 பத்தி சுருக்கமா சொல்றேன். நல்லா ஓடும், விலையும் நியாயம், ஆனா சூட்கேஸ் வைக்க எடமே கிடையாது, சீட்டுக்கு பின்னாடி இருக்குற பொந்துல ஒரு பை வைக்கலாம், அவ்வளவுதான். ஆரம்ப வருஷ இன்ஜின் ஆயில் குடிக்கும். சைலன்சர் ஆரம்பத்துல புகைய சுத்தம் பண்ண இருக்குற சின்ன கேட்டலிஸ்ட் உடைஞ்சு தூளாகி இன்ஜினுக்குள்ளயே போய் சிலிண்டர கெடுத்துடும், அதனால அத எடுத்தாச்சா நல்லா இருக்கான்னு பில்லோட கேளுங்க. பின்னாடி இன்ஜின தாங்குற சட்டத்துல துரு பாருங்க.

என் முடிவ கேட்டீங்கன்னா, எலீஸுக்கு லோன் போடாதீங்க தம்பி. லோன்ல வாங்கின எலீஸ்ல கேஸ்கட் போச்சுன்னா தவணையும் கட்டணும் காரும் நிக்கும், ரசிச்சு ஓட்ட வேண்டிய கார பாத்து பயப்பட ஆரம்பிச்சிடுவீங்க. கையில இருக்குற காசுக்குள்ள, கூடு சுத்தமா இருக்குற எம்எக்ஸ்-5 எடுங்க, கிலோமீட்டர் அதிகமா ஓடியிருந்தாலும் பரவால்ல, விலையில கால் பங்க ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வச்சுக்குங்க. ஒண்ணே ஒண்ணு கவனிங்க, பர்மிங்காம் சிட்டிக்குள்ள சுத்தமான காத்து மண்டலம்னு 2021லேர்ந்து இருக்கு, யூரோ 4ங்கிற புகை தரத்துக்கு கீழ உள்ள பெட்ரோல் கார் உள்ள போனா ஒரு நாளைக்கு 8 பவுண்ட். மொத மாடல் அதுல மாட்டும். ஆபீஸ் அந்த வட்டத்துக்குள்ள இருந்து தினம் இதுலதான் போகணும்னா 2005ல வந்த மூணாவது மாடல பாருங்க, கொஞ்சம் எடை கூட, ஆனா அந்த காசு மிச்சம்.

அப்பச்சிகிட்ட பொறுமையா சொல்லுங்க. வட்டிக்கு வாங்கலன்னு தெரிஞ்சா பாதி சமாதானம் ஆயிடுவாக.

பள்ளத்தூர் வாசகர்: இந்த மாதிரி கார பாக்க போகும்போது கையில என்ன கொண்டு போகணும், எப்படி பாக்கணும்? மெக்கானிக் கூட வரலன்னா நானே பாக்க முடியுமா?

முடியும். ஒரு டார்ச், ஒரு பழைய போர்வை, துணி சுத்தின சின்ன காந்தம், இது போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய மரச்சாமான் வாங்குறவங்க என்ன செய்றாங்கன்னு ஒரு நாள் நின்னு பாருங்க, மேல பாலிஷ பாக்க மாட்டாங்க, தலைகீழா கவுத்து கால் அடிய பாப்பாங்க, பூச்சி அரிச்ச எடத்துல மெழுகு வச்சு பூசியிருக்கான்னு நகத்தால கீறுவாங்க. காருக்கும் அதே கண்ணுதான் வேணும். போர்வைய விரிச்சு கீழ படுங்க, வெக்கப்படாதீங்க. சில்லுல காந்தத்த நகத்திக்கிட்டே வாங்க, இரும்பா இருந்தா ஒட்டும், பட்டி போட்டு நெரப்பி பெயிண்ட் அடிச்சிருந்தா அந்த எடத்துல காந்தம் நழுவும். எலீஸ்ல இது நடக்காது, அது ஃபைபர். புதுசா கருப்பு தார் மாதிரி அடியில பூசியிருந்தா சந்தோஷப்படாதீங்க, எதுக்கு இப்ப பூசினீங்கன்னு கேளுங்க.

போன உடனே பானட்ட தொட்டு பாருங்க. நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு போன்லயே சொல்லிடணும், அதுக்கப்புறமும் பானட் சூடா இருந்தா குளிர்ல ஸ்டார்ட் ஆகும்போது வர்ற சத்தத்தையோ புகையையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம், அடுத்த நாள் காலையில திரும்ப வர்றேன்னு சொல்லுங்க. ஆயில் மூடிய தொறந்து உள்பக்கம் பாருங்க, தயிர் ஆடை மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி கலக்குதான்னு சந்தேகப்படணும், கே சீரிஸ் இன்ஜின்ல இத கண்டிப்பா பாக்கணும். டயர் சுவர்ல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், ரொம்ப பழசா இருந்தா பட்டன் ஆழமா இருந்தாலும் ரப்பர் கல்லாயிருக்கும். நாலு டயரும் நாலு கம்பெனியா இருந்தா அந்த ஓனர் மத்த விஷயத்துலயும் அப்படித்தான் கிடைச்சத போட்டிருப்பாருன்னு நான் கணக்கு வச்சிருக்கேன், இது வரைக்கும் பெருசா பொய்க்கல.

இங்கிலாந்துல வாங்குறவங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. அங்க மூணு வருஷம் தாண்டின காருக்கு வருஷா வருஷம் எம்ஓடின்னு சோதனை, அந்த ரிப்போர்ட்ட கார் நம்பர போட்டு அரசாங்க இணையத்துல காசில்லாம யார் வேணாலும் பாக்கலாம். அதுல பாஸ் ஃபெயில விட கீழ சின்னதா எழுதியிருக்குற எச்சரிக்கைய படிங்க. மூணு வருஷமா துரு துருன்னு எழுதிட்டு நாலாவது வருஷம் திடீர்னு அந்த வரி காணாம போனா, வெல்டிங் பண்ண பில் எங்கன்னு கேளுங்க. பில் இல்லன்னா பட்டிதான்.

காரைக்குடி செக்காலை வாசகர்: கோயமுத்தூர்ல ஒருத்தர் சான் ஸ்டார்ம் விக்கிறார். நம்ம நாட்டு ரெண்டு சீட்டு கார், விலையும் கைக்கு எட்டுது. வாங்கலாமா?

90கள் கடைசியில வந்த கார், ஃபைபர் பாடி, 1149 சிசி ரெனால்ட் இன்ஜின், முன் சக்கர டிரைவ். நம்ம நாட்டுல ஒருத்தர் துணிஞ்சு இப்படி ஒண்ணு செஞ்சாங்கங்கிறதுக்கே எனக்கு அந்த கார் மேல தனி மரியாதை. ஆனா பார்ட்ஸ் கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். கண்ணாடி, கதவு கைப்பிடி, ரப்பர் பீடிங், கூரைத் துணி, இது நாலும் முழுசா இருக்குற வண்டியா இருந்தா மட்டும் பாருங்க, இன்ஜின்ல சின்ன கோளாறு இருந்தாலும் பரவால்ல. 15 வருஷம் தாண்டின வண்டி, அதனால ஆர்சி புதுப்பிச்சாச்சா, எஞ்சின் நம்பர் சேஸிஸ் நம்பர் ஆர்சியோட ஒத்துப்போகுதான்னு நேர்ல பாத்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. வேற மாநில நம்பரா இருந்தா என்ஓசி, இங்க கட்ட வேண்டிய வரி ரெண்டையும் விலையில சேத்து கணக்கு போடுங்க. தினம் ஓட்ட வேற வண்டி வீட்ல இருந்தா சந்தோஷமா வாங்கலாம், ஞாயித்துக்கிழமை காலையில வெயிலுக்கு முன்னாடி திருமயம் கோட்டை வரைக்கும் ஒரு போக்கு போய்ட்டு வர அருமையான வண்டி.

கானாடுகாத்தான் வாசகர்: அண்ணன் லண்டன்ல வச்சிருக்குற 2003 எம்எக்ஸ்-5ஐ ஊருக்கு கொண்டு வர முடியுமா? கப்பல் செலவு எவ்வளவு ஆனாலும் பரவால்ல.

கொண்டு வர முடியாதுங்க. பழைய கார இறக்குமதி பண்ணணும்னா செஞ்சு 3 வருஷத்துக்குள்ள இருக்கணும்னு விதி. அப்படி இருந்தாலும் வரி மட்டுமே கார் விலைய தாண்டிடும். அண்ணன அங்கயே ஓட்ட சொல்லுங்க, நீங்க போகும்போது சாவிய வாங்கிக்குங்க.

கோட்டையூர்லேர்ந்து ஒரு ஆச்சி: என் மகள் வயித்துப் பேரனும் வெளிநாட்டுல இந்த மாதிரி கூரையில்லாத கார் பழசு வாங்கப் போறானாம். போட்டோவ பாத்தா தரையோட தரையா இருக்கு. ஆபத்து இல்லையா தம்பி?

ஆச்சி, நீங்க பயப்படுறது நியாயம், மறைக்காம சொல்றேன். எலீஸ் மொத மாடல்ல ஏபிஎஸ் பிரேக் கிடையாது, ஏர்பேக் கிடையாது. எம்எக்ஸ்-5 ஆரம்ப கார்லயும் பலதுல இது இருக்காது. பெரிய லாரி டிரைவர் கண்ணுக்கு இந்த கார் சட்டுனு படாது. அதனால பேரன ரெண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த, ஏபிஎஸ்ஸும் ரெண்டு ஏர்பேக்கும் இருக்குற வண்டியா பாக்க சொல்லுங்க, சீட்டுக்கு பின்னாடி தலைக்கு மேல வர்ற மாதிரி இரும்பு வளையம் ஒண்ணு போட்டுக்க சொல்லுங்க, கார் கவுந்தா தலைய அதுதான் காப்பாத்தும், அதுவும் அலங்காரத்துக்கு விக்கிற வளையமா இல்லாம நெசமாவே எடை தாங்குற வளையமா இருக்கணும். பகல்லயும் லைட் போட்டு ஓட்டட்டும். மத்தபடி லேசான கார், பிரேக் நல்லா பிடிக்கும், சொன்ன பக்கம் திரும்பும், நிதானமான கையில இருந்தா ஆபத்தான கார் இல்ல. கார முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த நம்பர எனக்கு எழுதி அனுப்ப சொல்லுங்க ஆச்சி, இங்கிலாந்து வண்டியா இருந்தா எம்ஓடி ரிப்போர்ட்ட நானே ஒக்காந்து படிச்சிட்டு சொல்றேன்.